மூன்றாம் நாள் மணிக்கூண்டு

மூன்று நாள் பயணத்துக்குத் திட்டம் போடுவதுதான் ஐயா, எங்கள் தொழிலில் இருப்பதிலேயே சிரமம். பதினைந்து நாள் என்றால் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். ஒரு நாளை மழை கெடுத்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். மூன்று நாளில் ஒரு வேளை பிசகினாலும், திரும்பி வந்து ஆயுசுக்கும் அதையே சொல்லிக் காட்டுவார்கள். அதுவும் ஐரோப்பாவில் ஒரு பழைய தலைநகரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊர் முழுக்கக் கல் பாவிய தெரு, மேட்டின்மேல் கோட்டை, ஆற்றில் பாலத்துக்குப் பாலம், மூலைக்கு ஒரு தேவாலயம். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் நாள் மதியமே கால் வீங்கி, கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பார்கள்.

என்னிடம் வந்தவர்கள் யாரும் அப்படி நடந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் மேசைமேல் இருக்கும் தாளில் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தலைகீழாகத்தான் தெரிகிறது, ஆனாலும் படிக்க முடிகிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். மற்றதெல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும்.

என் அலுவலகம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, மாடியில். ஒரு மேசை, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி, சுவரில் ஒரு உலகப்படம். வெளியே வராந்தாவில் இன்னொரு நாற்காலி. என் தொழில் மொத்தமும் அந்த வராந்தா நாற்காலியில்தான் இருக்கிறது. ஜோடியாக வருகிறவர்களைச் சேர்த்து உட்கார வைத்து ஆசையை மட்டும் கேட்பேன். எங்கே போக வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சேர்ந்தே சொல்லலாம். பிறகு ஒருவரை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, உள்ளே இருப்பவரிடம், "உங்களால எது முடியாது?" என்று கேட்பேன். அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும். மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன்னால் ஒன்று முடியாது என்று சொல்லும் ஆணை நான் இன்னும் பார்க்கவில்லை. பெண்களும் மறைப்பார்கள், கொஞ்சம் நயமாக.

ஒரு வக்கீல் வந்தார். நீதிமன்றத்தில் புலி. அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்கிறது, அது மனைவிக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். அவர் நடக்கிற வழியில் எல்லாம் ஓர் அருங்காட்சியகமோ ஓவியக் கூடமோ குறுக்கிடுகிற மாதிரி திட்டம் போட்டேன். திரும்பி வந்த அவர் மனைவி, "எங்க வீட்டுக்காரருக்குக் கலைமேல இவ்வளவு பைத்தியம்னு எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று பூரித்துப் போனார். ஒரு தலைமையாசிரியை, முட்டி தேய்ந்தவர், கூட வேலை பார்த்த ஆசிரியைகளோடு போனார். படி ஏற முடியாது என்று மற்றவர்களிடம் சொல்ல ரோஷம். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இப்படிக் கேட்டதை நான் எங்கேயும் எழுதி வைப்பதில்லை, ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் போடுவதும் இல்லை. கல்லுளிமங்கி என்று என்னைக் கேலி செய்வார்கள். செய்தால் செய்யட்டும், அதனால்தான் என்னைத் தேடி வந்தார்கள்.

என் தங்கையை வீட்டில் குட்டி என்போம். அவளுக்கு நான் அக்கா மட்டும் இல்லை. அம்மா முகம் அவளுக்கு நினைவே இல்லை. அப்பா நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லாமல் அடக்கி அடக்கி, ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் வந்தவள் குட்டி. தூங்குகிறார் என்று நினைத்து, நான் வரும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி இவள் வாழ்க்கையில் முன்கூட்டித் தெரியாத எதுவும் நடக்கக் கூடாது என்று. எந்தப் பள்ளி, எந்தப் படிப்பு, எந்த வேலை, போகவர எந்தத் தெரு, எல்லாம் நான் யோசித்து வைத்ததுதான். என் கல்யாணத்தை யோசிக்க எனக்கு நேரம் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை பார்த்ததும் நான்தான். எத்தனையோ இடம் வந்தது. பழைய கட்டடங்களைச் செப்பனிட வரைபடம் போடுகிறவர் இவர், அவருடைய அலுவலகம் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது. அதற்காகத்தான் பிடித்தது. ஆள் தங்கம் ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் பகை என்று யாரும் கதை கட்டக் கூடாது. கல்யாணம் ஆனபிறகு எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்கள். காலையில் குட்டியின் கால் சத்தம் என் தலைக்குமேல் கேட்கும். அது சமையலறைப் பக்கம் போன பிறகுதான் நான் எழுந்திருப்பேன். எனக்கு வேறு கடிகாரம் தேவைப்பட்டதில்லை.

அவருக்கு வேறு ஒரு நாட்டில் வேலை கிடைத்ததுதான் யாருமே எதிர்பார்க்காதது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது குட்டிதான் சொன்னாள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, அங்கேயே இருந்துவிடப் போகிறோம் என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. "நீயும் அப்பப்ப வந்து இரு அக்கா" என்றாள். அப்பப்ப என்ற சொல்லை அவள் எவ்வளவு சுலபமாகச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். நல்லது என்று சொல்லிவிட்டு இருவருக்கும் தண்ணீர் ஊற்றினேன்.  

போவதற்கு முன்னால் மூன்று நாள் எங்காவது சுற்றிவிட்டு வரலாம் என்று இந்தத் தலைநகரைத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டிலேயே பேசியிருக்கலாம். குட்டிதான் விளையாட்டாக, எல்லாரையும் போல எங்களையும் வராந்தாவில் உட்கார வைக்க வேண்டும் என்று அடம்பிடித்து அலுவலகத்துக்கே வந்தாள். கண்ணாடிக் கடைக்காரர்கூடக் கீழேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். சரி என்று முறைப்படியே கேட்டேன்.

முதலில் குட்டி. எனக்குத் தெரிந்ததைத்தான் சொன்னாள். குறுகலான, மூடிய படிக்கட்டு அவளுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்தே மூச்சு முட்டும், கண் இருட்டும். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிற மனுஷனைக் கட்டிக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள் என்றாள். அவளை வெளியே அனுப்பிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். சிரித்த முகம்தான். ஆனால் உட்காருவதற்குள் ஒருமுறை மூச்சு வாங்கினார்.

"அண்ணி, குட்டிக்குத் தெரியவே கூடாது. எனக்கு இதயத்துல கோளாறு இருக்கு. ஒரு மாடிக்கு மேல படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். போற ஊர்ல இதுக்குன்னே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, போனதும் ஆபரேஷன். அந்த வேலைய ஒத்துக்கிட்டதே பாதி அதுக்குத்தான். எல்லாம் சரியான பிறகு நானே சொல்லிக்கறேன். உங்க அப்பாவ அப்படிப் பார்த்தவ அண்ணி அவ. இப்ப சொன்னா என் நெஞ்சுலயே காதை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. கவலைப்படாதீர்கள், ஒரு படிகூட இல்லாமல் போட்டுத் தருகிறேன் என்றேன். அந்த நிமிஷம் அதை மனதாரத்தான் சொன்னேன். டிராம், ஆற்றில் படகு, சதுக்கத்தில் வெயிலில் உட்கார ஒரு காபிக் கடை. இருவருக்குமே படி ஆகாது, இருவருமே அதை மறைக்கிறார்கள். இதைவிடச் சுலபமான பயணம் என் கைக்கு வந்ததில்லை.

அவர்கள் கீழே இறங்கிப் போவதை ஜன்னலில் பார்த்தேன். மாடிப்படி இறங்கிய அலுப்பை மறைக்க, அவர் கண்ணாடிக் கடை வாசலில் நின்று ஏதோ ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார். குட்டி அதைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் ஒருமுறைகூட மேலே என் ஜன்னலைப் பார்க்கவில்லை. எப்போதும் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் போவாள்.

நான் முடிவு என்று ஒன்றும் எடுக்கவில்லை. திட்டம் போடுகிறவர்களுக்கு அப்படி நடப்பதில்லை. முதல் நாளை எடுத்து வைத்தால் இரண்டாம் நாள் தானாக வந்து பக்கத்தில் உட்காரும். முதல் நாளை மிகவும் மெதுவாக வைத்தேன், படகும் சதுக்கமும் மட்டும். நம்பிக்கை அப்படித்தான் வரும். இரண்டாம் நாள் கோட்டை. டிராமில் மேலே ஏறி, சரிவில் மெல்ல நடந்து இறங்கிவிடலாம். மூச்சு வாங்காது, நம்மால் முடிகிறதே என்று ஒரு தெம்பு வரும். மூன்றாம் நாள் மணிக்கூண்டு. பெரிய தேவாலயத்தை ஒட்டி நிற்பது, ஊரிலேயே உயரமானது, உள்ளே சுருள் சுருளாகக் கல் படி. ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்கி நிற்க இடம் இல்லாத படி.

வைத்தால் மட்டும் போதுமா, அவர்கள் ஏற வேண்டுமே. அதற்கு வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி இரண்டே வார்த்தைதான் தேவைப்பட்டது. மாப்பிள்ளையிடம், மணிக்கூண்டின் உச்சியில் உங்களோடு நிற்க வேண்டும் என்பது குட்டிக்குச் சின்ன வயசுக் கனவு, உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் எடுத்துவிடுகிறேன், ஆனால் ஏன் எடுத்தாய் என்று என்னைத் துளைத்துவிடுவாள் என்றேன். குட்டியிடம், அந்தக் கூண்டை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை தவியாய்த் தவிக்கிறார், நீ வரவில்லை என்றால் அவரும் ஏறமாட்டார், பாவம் என்றேன். இருவருமே கொஞ்சம் யோசித்தார்கள். இருவருமே, சரி, இருக்கட்டும் என்றார்கள். அப்படி ஓர் அன்பு ஐயா அவர்களுக்குள். அது இல்லாவிட்டால் இந்தத் திட்டம் நடந்திருக்காது.

அந்த மூன்றாம் நாள் காலை என் அலுவலகத்தில் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்திருந்தது. பையனை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, உங்களால் எது முடியாது என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். அவள் வாயைத் திறக்கிற நேரம், மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஆனால் பயணத்தில் இருக்கிறவர்கள் கூப்பிட்டால் எடுத்துவிட வேண்டும் என்பது என் வழக்கம்.

குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் ஜனங்களின் சத்தம் கேட்டது.

"அண்ணி, தள்ளி வந்து பேசறேன். கூண்டு வாசல்ல நிக்கறோம். படி ரொம்பக் குறுகலா இருக்கு. குட்டி மூஞ்சியப் பார்த்தா ஆசையா பயமான்னே தெரியல. வேற வழி ஏதாவது இருக்கா? லிஃப்ட் மாதிரி?"

நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியும் இதுதான், அந்த லிஃப்டைப் பற்றி. அங்கே லிஃப்ட் இருக்கிறது. தேவாலயத்தின் பின்பக்கச் சந்தில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கதவு. வாசலில் பலகை எதுவும் கிடையாது. மணியை அழுத்தினால் காவலாள் வந்து திறப்பார். முடியாதவர்களுக்கு என்று வைத்திருக்கிறார்கள், கேட்டால் முகம் சுளிக்காமல் ஏற்றிவிடுவார். விவரம் தெரியாமல் நான் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமையாசிரியையைப் போய்க் கேளுங்கள். போன வருஷம் அவரை அதே லிஃப்டில் ஏற்றி அனுப்பினவள் நான்தான். கூட வந்தவர்கள் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தபோது, நீங்கள் எல்லாரும் இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எதிரில் அந்தப் புதுப்பெண் மோதிரத்தைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன்.

"இல்ல மாப்பிள்ளை. அவ்வளவு பழைய கட்டடத்துல லிஃப்டெல்லாம் வைக்க விடமாட்டாங்க. முடியலன்னா விட்டுடுங்க, குட்டிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

அவர் சிரித்தார். "வேணாம் அண்ணி, நீங்க சொன்னா அவளுக்கு சந்தேகம் வந்துடும். மெதுவா ஏறிக்கறேன்."

"மெதுவாவே ஏறுங்க. நடுவுல மட்டும் நின்னுடாதீங்க, பின்னால ஆள் வருவாங்க."

போனை வைத்துவிட்டு அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். அந்நியர்களுக்கு முன்னால் சாப்பிட அவளுக்குக் கூச்சமாம், கணவனுக்கோ பெரிய பெரிய உணவகமாகப் போக ஆசையாம். ஆற்றங்கரையில் மறைவாக மேசை போட்டிருக்கும் கடைகளாகப் பார்த்துச் சொன்னேன்.  காதெல்லாம் அந்தப் போனில்தான் இருந்தது. ஒருவேளை அவர் ஏறாமல் திரும்பியிருப்பாரோ என்று ஒருமுறை தோன்றியது. அப்படித் தோன்றியபோது எனக்கு வந்தது நிம்மதி இல்லை, எரிச்சல். அந்த எரிச்சலைக் கண்டு நானே கொஞ்சம் திகைத்தேன். பிறகு பையனை உள்ளே கூப்பிட்டு அவனிடமும் கேட்டு முடித்தேன்.

அவர்கள் மாடியிறங்கிப் போன பிறகுதான் குட்டி கூப்பிட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. மேலே போய்ச் சேரவில்லை என்றாள். பாதியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பின்னால் ஆள் வருகிறது என்று மறுபடி ஏறியிருக்கிறார். அதன்பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குறுகலில் ஆட்கள் மேலே வந்து அவரைக் கீழே கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க, கண்ணை இருட்டுகிற அந்தப் படிக்கட்டில், அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினாள். குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது.

"அக்கா, ஏன் சொல்லாம ஏறினீங்கன்னு கேட்டேன். உனக்குத்தானே ஆசை, உனக்காகத்தான் ஏறினேன்னாரு. நான் அவருக்காகத்தான் ஏறினேன். நீ எங்க ரெண்டு பேர்கிட்டயும் என்ன சொன்ன?"

 முதலில் தண்ணீர் குடி, ஓர் இடத்தில் உட்கார், நான் கிளம்பி வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு நான் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவள் கிளம்பியிருந்தாள். ஆஸ்பத்திரியில் பேசியது, தூதரகத்துக்கு அலைந்தது, அவரைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றியது, அவர் வீட்டாருக்குச் சொன்னது, எல்லாம் பாஷை தெரியாத ஊரில் தனியாக. ஒரே ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. எனக்கு அதில்தான் கொஞ்சம் வருத்தம். நான் இருந்திருந்தால் நேரடி விமானமாகப் பார்த்திருப்பேன், அவள் பாவம் நடுவில் ஒரு ஊரில் இறங்கி ஏறியிருக்கிறாள். ஊருக்கு வந்த பிறகும் வீட்டுக்கு வரவில்லை. அவருடைய அம்மாவோடு இருக்கிறாள். அங்கேயிருந்துதான் இந்த போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறாள் என்று தெரிகிறது.

நீங்கள் நல்லவர். என் வயதைப் பார்த்தும், தங்கையின் கணவரைப் பறிகொடுத்து நிற்பதைப் பார்த்தும், கவனக்குறைவு என்று எழுதி என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட நினைக்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள் ஐயா. இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த ஒருவருக்குக்கூட நான் கவனக்குறைவாகத் திட்டம் போட்டதில்லை. அவருடைய இதயம் எனக்குத் தெரியும். அந்தப் படி தெரியும். லிஃப்டும் தெரியும், தெரிந்துதான் இல்லை என்றேன். நடுவில் நிற்காதீர்கள் என்றதும் தெரிந்துதான். அவர் உச்சிக்குப் போய்ச் சேரமாட்டார் என்று தெரிந்துதான் அந்தக் கூண்டை மூன்றாம் நாளில் வைத்தேன். ஒரு விஷயத்தைக்கூட நான் தற்செயலுக்கு விடவில்லை. இதை அப்படியே, நான் சொன்ன மாதிரியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

குட்டிக்கு என்மேல் கோபம் இருக்கத்தான் செய்யும். நான் ஏதோ தெரியாமல் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாள், அந்தக் கோபம் அது. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன், அவளை அந்தக் கண்காணாத ஊரில் தனியாகத் தவிக்க விடாமல் இருக்கத்தான் செய்தேன் என்று தெரிந்தால் தணிந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாடி அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கையைத் தட்டிப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன். நீங்கள் எழுதி முடித்ததும் வெளியே உட்கார்ந்திருக்கிற அவளைக் கூப்பிடுங்கள் ஐயா, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் இல்லாமல் அவளுக்கு ஒன்றுமே தனியாகச் செய்யத் தெரியாது.